தேய்ந்த கப்பியும் திருமலைப் பாதையும்

கோடை விடுமுறை நெருங்கும்போது நம் சங்கத்துக் குடும்பங்களில் பயணப் பேச்சு எழுவது இயல்பு. வேலூர், ஆர்க்காடு, திருத்தணிப் பக்கங்களிலிருந்து பெங்களூருக்குக் குடியேறி வாழும் நம்மவரில் பலர், ஊருக்குச் செல்லும் வழியில் திருப்பதியையும் கண்டுவருதல் வழக்கம். கோலார், முளபாகல், பலமனேர், சித்தூர் வழியாகத் திருப்பதிக்கு ஏறத்தாழ 250 கிலோமீட்டர். காலையில் புறப்பட்டால் மாலைக்குள் அடிவாரம் சேர்ந்துவிடலாம்.

புறப்படுமுன் வண்டியைச் சோதிக்காதவர் இலர். சக்கரத்தில் காற்று அடைக்கிறோம். எண்ணெயின் அளவைப் பார்க்கிறோம். ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்றுகிறோம். எலுமிச்சம் பழமும் வைக்கிறோம். ஆயினும் எஞ்சினின் ஓரத்தில், கண்ணுக்கு எளிதில் தென்படாத ஓரிடத்தில், ஒரு சிறிய உறுப்பு சுழன்றுகொண்டே இருக்கிறது. அதனை எட்டிப் பார்ப்பவர் நூற்றுக்கு ஒருவரும் இருப்பாரோ என்பது ஐயமே. கிராங்க் தண்டின் முனையில் பூட்டிய கப்பியே அது. பட்டறைக்காரர் அதனைக் 'கிராங்க் புல்லி' என்பர். பழைய டீசல் கார் வைத்திருப்போர் அதனைப் பற்றி அறிந்துகொள்ள வேண்டியது மிகவும் இன்றியமையாதது. அக்கப்பி தேய்ந்தால் கெடுவது எஞ்சின் மட்டுமன்று. மலையிறக்கத்தில் நாம் நம்பியிருக்கும் பிரேக்கின் வலிமையும் அதனோடு குன்றக்கூடும்.

கப்பியின் பணி யாது?

கிணற்றுக் கப்பியை நாம் அனைவரும் அறிவோம். கயிறு ஓடும் பள்ளமும் நடுவில் அச்சும் கொண்ட எளிய கருவி அது. எஞ்சினின் கப்பியும் தோற்றத்தில் அதனை ஒத்ததே. ஆனால் இங்கே கப்பி கயிற்றால் சுழல்வதில்லை. கப்பியே பெல்ட்டைச் சுழற்றுகிறது.

சிலிண்டருக்குள் எரிபொருள் வெடித்து எரியும்போது பிஸ்டன் கீழே தள்ளப்படுகிறது. அந்த மேலும் கீழுமான ஓட்டத்தைச் சுழற்சியாக மாற்றுவது கிராங்க் தண்டு. அதன் ஒரு முனை சக்கரங்களுக்கு ஆற்றலை அனுப்புகிறது. மறுமுனையில் நம் கப்பி அமர்ந்திருக்கிறது. அதன் மீது ஓடும் பெல்ட், பாட்டரிக்கு மின்சாரம் ஊட்டும் ஆல்டர்னேட்டரைச் சுழற்றுகிறது. பல வண்டிகளில் தண்ணீர்ப் பம்பையும், குளிர்சாதனக் கருவியையும், ஸ்டீயரிங்கை எளிதாக்கும் பம்பையும் அதே பெல்ட்டோ, அருகில் ஓடும் வேறொரு பெல்ட்டோ இயக்குகிறது. ஒரு வீட்டின் அடுப்பு, விளக்கு, தண்ணீர் அனைத்தும் ஒரே ஆளின் உழைப்பில் நடப்பது போன்றது இது.

நடுவில் ஏன் ரப்பர்?

கப்பியை ஒரே இரும்புத் துண்டென்று பலர் எண்ணுவர். பெரும்பாலான கார்களில் அவ்வாறன்று. தண்டோடு இறுகிய உள்வட்டம் ஒன்று, பெல்ட் ஓடும் வெளிவட்டம் ஒன்று, இரண்டிற்கும் நடுவில் இறுகப் பற்றவைத்த ரப்பர் வளையம் ஒன்று என மூன்று பகுதிகள் அதில் உண்டு. அந்த ரப்பர் வளையமே கப்பியின் உயிர்நிலை.

காரணத்தைச் சிறிது விளக்குவோம். நான்கு சிலிண்டர் எஞ்சினில் தண்டு ஒருமுறை சுழல்வதற்குள் இருமுறை எரிபொருள் வெடிக்கிறது. நிமிடத்திற்கு 800 சுற்று என்ற மெதுவான ஓட்டத்திலேயே நிமிடத்திற்கு 1600 அடிகள், அதாவது நொடிக்கு ஏறத்தாழ 27 அடிகள் தண்டின் மீது விழுகின்றன. ஒவ்வோர் அடிக்கும் எஃகுத் தண்டு மிக நுண்ணிய அளவில் முறுக்கிக்கொண்டு மீள்கிறது. ஈரத்துணியைப் பிழியும்போது கைகள் செய்யும் வேலையை எண்ணிக்கொள்க. இம்முறுக்கு அடங்காமல் பெருகினால் தண்டு களைத்து ஒருநாள் முறியும். 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் நீண்ட தண்டு கொண்ட எஞ்சின்களைச் செய்தவர்களுக்கு இது பெருந்தொல்லையாக இருந்தது. இங்கிலாந்தின் பொறியாளர் பிரெடெரிக் லான்செஸ்டர் போன்றோர் தண்டின் முனையில் அதிர்வடக்கி ஒன்றை அமைத்து அத்தொல்லையைத் தணித்தனர். இன்று நம் கார்க் கப்பியில் உள்ள ரப்பர் வளையம் அதே நோக்கத்திற்காகவே அமைந்தது.

பெட்ரோல் எஞ்சினிலும் இவ்வமைப்பு உண்டு. ஆயினும் டீசலில் அதற்கு வேலை மிகுதி. ருடால்ப் டீசல் 1890களில் ஜெர்மனியில் உருவாக்கிய எஞ்சினுக்குத் தீப்பொறி கொடுக்கும் பிளக் கிடையாது. காற்றை மிகக் கடுமையாக அழுத்தி, அவ்வழுத்தத்தின் வெப்பத்தாலேயே எண்ணெயை எரியச் செய்வது அதன் தத்துவம். பழைய டீசல் கார்கள் சிலவற்றில் காற்று இருபதில் ஒரு பங்காகச் சுருக்கப்படுகிறது. பெட்ரோல் காரில் அது பத்தில் ஒரு பங்களவே. ஆகவே டீசலின் ஒவ்வோர் அடியும் சம்மட்டி அடியாக விழுகிறது. அதனைத் தாங்கித் தாங்கியே ரப்பர் இளைக்கிறது.

தேய்வு எவ்வாறு வருகிறது?

ரப்பருக்கு வெப்பமும் எண்ணெயும் காலமும் பகை. சித்தூர், திருப்பதிப் பக்கத்துக் கோடையில் வெயில் 40 பாகையைக் கடக்கும் நாட்கள் உண்டு. எஞ்சின் மூடிக்குள் வெப்பம் அதனினும் பன்மடங்கு. தண்டின் முனையில் உள்ள எண்ணெய் சீல் கசிந்தால் எண்ணெய் நேரே கப்பியின் மீது படிகிறது. இவ்வாறு ஆண்டுகள் செல்லச் செல்ல ரப்பர் வெடித்து, உப்பி, பற்று விடுகிறது. பின்னர் வெளிவட்டம் உள்வட்டத்தோடு ஒத்துச் சுழலாமல் வழுக்கத் தொடங்குகிறது.

இங்கே ஒன்றைக் கருதவேண்டும். நம்மவரிடம் உள்ள சிறிய டீசல் கார்களில் பெரும்பாலானவை இன்று முதுமை எய்தியவை. 1998 டிசம்பரில் வெளிவந்து எத்தனையோ நடுத்தரக் குடும்பங்களின் முதற் காராக விளங்கிய டாட்டா இண்டிகாவின் உற்பத்தி 2018ஆம் ஆண்டோடு நின்றது. 2020 ஏப்ரலில் புதிய புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபோது மாருதி நிறுவனமும் டீசல் கார்களைக் கைவிட்டது. ஆகவே இன்று ஓடும் சிறிய டீசல் கார்களின் ரப்பர் உறுப்புகள், அதுவரை மாற்றப்படாதிருந்தால், வண்டியின் வயதையே தம் வயதாகக் கொண்டவை. கிலோமீட்டர் குறைவாக ஓடிய வண்டியாயிற்றே என்று மகிழ்ந்துவிடலாகாது. நின்ற வண்டியிலும் ரப்பர் முதுமை அடைகிறது.

வீட்டிலேயே அறியும் வழிகள்

கப்பியின் நிலையை அறியப் பெரிய கருவிகள் தேவையில்லை. கண்ணும் காதும் ஒரு துண்டுச் சுண்ணாம்புக் கட்டியும் போதும்.

முதலாவது, ஒலி. காலையில் வண்டியைக் கிளப்பும்போதோ, விளக்கும் குளிர்சாதனமும் ஒருங்கே இயங்கும்போதோ 'கீச்' என்ற ஓசை எழுந்தால் பெல்ட் வழுக்குகிறது என்பது பொருள். பெல்ட்டை மாற்றிய பின்னும் அவ்வோசை நீங்கவில்லையானால் கப்பியை ஐயுறுக. ஓசையோடு 'தடதட' என்ற அதிர்வும் சேர்ந்தால் ஐயம் வலுக்கிறது.

இரண்டாவது, ஆட்டம். வண்டியை நிறுத்திய நிலையில் எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, தொலைவில் நின்று கப்பியின் விளிம்பைப் பார்க்க வேண்டும். விளிம்பு நேராகச் சுழலாமல் தள்ளாடினால் ரப்பர் பற்று விட்டிருக்கலாம். இதனைப் பார்க்கும்போது சேலை முந்தானை, துண்டு, வேட்டி நுனி, கூந்தல் எதுவும் பெல்ட்டின் அருகே செல்லலாகாது. குழந்தைகளை அப்பக்கம் விடவே கூடாது.

மூன்றாவது, பள்ளம். இதனை எஞ்சினை நிறுத்திச் சாவியைக் கையில் எடுத்துக்கொண்ட பின்னரே பார்க்க வேண்டும். ஒற்றைப் பள்ளம் உள்ள பழைய கப்பியில் பெல்ட்டின் இரு பக்கங்களே பள்ளத்தின் சுவர்களைப் பற்ற வேண்டும். பெல்ட் அடிவரை அமிழ்ந்து, பள்ளத்தின் அடி பளபளவென்று மின்னினால் பெல்ட்டோ கப்பியோ தேய்ந்துவிட்டது என்றறிக.

நான்காவது, சுண்ணாம்புக் கோடு. அனுபவமுள்ள பட்டறைக்காரர் கையாளும் எளிய முறை இது. எஞ்சின் ஓடாதபோது, கப்பியின் உள்வட்டத்திலிருந்து ரப்பரைக் கடந்து வெளிவட்டம் வரை ஒரே நேர்க்கோடாக வெள்ளைக் கோடு ஒன்று இழுக்க வேண்டும். எளிதில் அழியாத வண்ணமாக இருப்பின் இன்னும் நன்று. சில நாட்கள் வழக்கம்போல் ஓட்டிய பின் மீண்டும் பார்க்க வேண்டும். கோடு நேராகவே நின்றால் கவலை குறைவு. உள்வட்டத்துக் கோடு ஓரிடத்திலும் வெளிவட்டத்துக் கோடு வேறிடத்திலும் நின்றால், ரப்பர் வழுக்கியது ஐயமற உறுதி. அதன்பின் அவ்வண்டியை நெடுவழிக்குக் கொண்டுசெல்லல் தகாது.

பிரேக்கிற்கும் கப்பிக்கும் உறவு

இனி இக்கட்டுரையின் தலையாய செய்திக்கு வருவோம்.

இக்காலத்துக் காரில் பிரேக் மிதியை ஒரு பெண்மணியோ முதியவரோ எளிதாக மிதித்து வண்டியை நிறுத்த முடிகிறது. அவ்வெளிமையைத் தருவது பிரேக் பூஸ்டர் என்னும் உருண்டைப் பெட்டி. அது வெற்றிடத்தின் துணையால் நம் காலின் விசையைப் பெருக்குகிறது. பெட்ரோல் கார்களில் எஞ்சின் காற்றை உறிஞ்சும் குழாயிலிருந்தே அவ்வெற்றிடம் பெரும்பாலும் கிடைத்துவிடுகிறது. டீசல் எஞ்சினிலோ காற்று தாராளமாக உள்ளே செல்கிறது. ஆகவே போதிய வெற்றிடம் அங்கே உண்டாவதில்லை. இதற்கெனத் தனி வெற்றிடப் பம்பு ஒன்றைப் பொருத்துகின்றனர். புதிய எஞ்சின்கள் சிலவற்றில் அதனைக் கேம் தண்டு இயக்குகிறது. பழைய டீசல் வண்டிகள் பலவற்றிலோ அப்பம்பு ஆல்டர்னேட்டரின் பின்புறத்திலேயே அமைந்திருக்கிறது. ஆல்டர்னேட்டரைச் சுழற்றுவது பெல்ட். பெல்ட்டைச் சுழற்றுவது கப்பி.

இத்தொடர்பை ஒருமுறை எண்ணிப் பார்த்தால் ஆபத்தின் அளவு விளங்கும். கப்பியின் ரப்பர் விட்டது, பெல்ட் கழன்றது, ஆல்டர்னேட்டர் நின்றது, வெற்றிடப் பம்பும் நின்றது. பூஸ்டரில் சேமித்துள்ள வெற்றிடம் இரண்டொரு மிதிகளுக்கே போதும். அதன்பின் பிரேக் மிதி கல்லைப் போல் இறுகிவிடும். பிரேக் முற்றிலும் அற்றுப்போவதில்லை. ஆனால் முன்பு விரலால் தள்ளிய கதவைத் தோளால் முட்டித் தள்ள வேண்டிய நிலை வந்துவிடுகிறது. சமவெளியில் இது ஒரு தொல்லை. மலையிறக்கத்தில் இது உயிருக்கு உலை.

நாம் செல்லும் வழியில் இறக்கங்கள் இரண்டு உண்டு. பலமனேர் மேட்டுநிலத்திலிருந்து சித்தூருக்கு இறங்கும் மொகிலிக் கணவாய் ஒன்று. திருமலையிலிருந்து இறங்கும் பாதை மற்றொன்று. திருமலை கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 850 மீட்டர் உயரத்தில் உள்ளது. 1944இல் திறக்கப்பட்ட முதல் மலைப்பாதையே இன்று இறங்குவதற்குப் பயன்படுகிறது. ஏறுவதற்குப் பின்னர் அமைத்த இரண்டாம் பாதை உண்டு. இறங்கும் பாதையின் நீளம் ஏறத்தாழ 19 கிலோமீட்டர். அதில் 36 கொண்டை ஊசி வளைவுகள். இறங்குவோர் 40 நிமிடத்திற்குக் குறையாமல் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது தேவஸ்தானம் வகுத்த விதி. கணக்கிட்டால் மணிக்கு 30 கிலோமீட்டருக்கும் குறைந்த வேகம். அவ்விதி வீணுக்கு எழுந்ததன்று. ஒவ்வொரு வளைவிலும் கால் பிரேக்கைத் தேடுகிறது. அங்கே முப்பத்தாறு முறை தேவைப்படும் துணை, இரண்டாம் முறையிலேயே கைவிட்டால் என்னாகும் என்பதை வாசகர்களே எண்ணிக்கொள்ளலாம்.

புறப்படுமுன் இத்துணையைச் சோதிக்க ஓர் எளிய வழி உண்டு. எஞ்சின் ஓடாதபோது பிரேக் மிதியை நான்கைந்து முறை அழுத்துக. மிதி இறுகும். அதனை அழுத்திய நிலையிலேயே எஞ்சினைக் கிளப்புக. மிதி சற்றே தானாகக் கீழிறங்கினால் பூஸ்டர் வேலை செய்கிறது. இறங்காவிடில் மலைப்பயணத்தை ஒத்திவைத்து மெக்கானிக்கை நாடுக.

வழியில் நேர்ந்தால்

முன்பக்கத்தில் பாட்டரி வடிவிலான செவ்விளக்கு ஓடும்போது எரிந்தால் அதனை வெறும் மின்சாரக் கோளாறென்று எண்ணித் தொடரலாகாது. பெல்ட் நின்றதன் முதல் அறிவிப்பாக அது இருக்கலாம். ஸ்டீயரிங் திடீரெனக் கனத்தால் ஐயமே வேண்டாம். பம்பு வைத்து எரிபொருள் செலுத்தும் பழைய டீசல் எஞ்சின், பெல்ட் அறுந்த பின்னும் ஒன்றும் நேராததுபோல் ஓடிக்கொண்டே இருக்கும். அதுவே அதன் வஞ்சனை. தண்ணீர்ப் பம்பும் அதே பெல்ட்டில் இருந்தால், சில நிமிடங்களில் எஞ்சின் கொதித்துத் தலைப்பகுதி வளைந்துவிடும்.

இறக்கத்தில் இது நேர்ந்தால் பதற்றம் கூடாது. எஞ்சினை அணைக்காமல் தாழ்ந்த கியருக்கு மாற்றி எஞ்சினாலேயே வேகத்தைக் குறைக்க வேண்டும். பிரேக்கை விட்டுவிட்டு மிதித்தால் சேமித்த வெற்றிடம் வீணாகும். ஒரே முறையாக உறுதியாக அழுத்திப் பிடிக்க வேண்டும். கைப்பிரேக்கைச் சிறிது சிறிதாக இழுத்துத் துணை கொள்ளலாம். மலையின் பக்கமாக ஒதுங்கி நின்றபின், சக்கரத்திற்குக் கல் கொடுத்து, உதவி வரும்வரை காத்திருத்தலே அறிவுடைமை. எந்நிலையிலும் கியரை நீக்கி வண்டியைத் தானாக உருளவிடும் வழக்கம் வேண்டாம். எரிபொருள் மிச்சம் என்று சிலர் செய்யும் அச்செயல், உயிரைச் செலவிட்டுக் காசைச் சேர்ப்பதாகும்.

பட்டறையில் கேட்க வேண்டியவை

சித்தூரிலோ திருப்பதியிலோ வண்டி நின்றுவிட்டால் மொழி தெரியாத ஊராயிற்றே என்று நம்மவர் கலங்க வேண்டியதில்லை. 1911 வரை சித்தூர் வட ஆர்க்காட்டு மாவட்டத்தின் தலைநகராகவே இருந்தது. திருத்தணி 1960இல்தான் நம் பக்கம் வந்தது. திருப்பதி 2022இல் தனி மாவட்டமாயிற்று. எல்லைக்கோடுகள் பலமுறை மாறினும் இப்பகுதியில் தெலுங்கும் தமிழும் கடைத்தெருவில் தோளோடு தோள் உரசியே நடக்கின்றன. மேலும் 'கிராங்க் புல்லி', 'பெல்ட்', 'ஆயில் சீல்' என்ற சொற்கள் இரு மொழியாருக்கும் பொது. பட்டறைப் பெரியவரை 'அண்ணா' என்று விளித்தால் இரு மொழியிலும் அது உறவுச் சொல்லே.

மொழியைவிட முக்கியமானது, எதற்கு உடன்படலாம், எதற்கு உடன்படலாகாது என்பதை அறிந்திருத்தல். வழியில் நின்ற வண்டிக்காரரின் அவசரத்தைக் கண்டு, இரு வட்டங்களையும் வெல்டிங் வைத்து ஒன்றாக்கிக் கொடுக்க எவரேனும் முன்வரலாம். 'ஒரு மணியில் முடியும், செலவும் குறைவு' என்ற சொல் காதுக்கு இனிக்கும். அதற்கு இணங்குதல் பெரும்பிழை. ரப்பர் செய்த வேலையை வெல்டிங் செய்யாது. அடங்காத முறுக்கு முழுவதும் தண்டையே தாக்கும். எடையும் ஒருபக்கம் சாயும். கப்பியின் விலையை மிச்சப்படுத்தப் போய் எஞ்சினின் விலையைக் கொடுக்க நேரும். ரப்பர் விட்ட கப்பிக்கு மாற்றுக் கப்பியே மருந்து.

லேத் பட்டறைக்கும் இதில் ஓர் இடம் உண்டு. எண்ணெய் சீல் உராய்ந்து கப்பியின் கழுத்தில் மட்டும் வரி விழுந்திருந்து, ரப்பரும் பள்ளமும் நலமாக இருப்பின், அங்கே மெல்லிய வளையம் ஏற்றிச் சரிசெய்தல் ஏற்கத்தக்கதே. அதற்கு மேல் கடைசலை நம்பலாகாது.

கப்பியைக் கழற்றும்போது சம்மட்டியால் அடித்தல் கூடாது. அதற்குரிய இழுவைக் கருவி உண்டு. கழற்றிய பின் தண்டில் உள்ள சிறு சாவியையும் அது அமரும் காடியையும் பார்க்கச் சொல்க. எண்ணெய் சீல் கசிந்திருந்தால் அப்போதே மாற்றுக. சில்லறைச் செலவுக்கு அஞ்சி விட்டால் புதிய ரப்பரும் எண்ணெயில் நனையும். பெல்ட்டையும் அதனை இறுக்கும் உருளையையும் உடன் மாற்றுதல் நன்று. நடுப் போல்ட்டை, அவ்வண்டிக்குரிய கையேடு கூறும் அளவுக்கு, அளவுகாட்டும் ஸ்பானரால் இறுக்க வேண்டும். சில வண்டிகளில் அப்போல்ட் ஒருமுறைக்கு மட்டுமே உரியது. அவற்றில் புதிய போல்ட் வாங்குக. இறுக்கம் குறைந்தால் கப்பி ஆடிச் சாவியை அறுக்கும். சில எஞ்சின்களில் வால்வுகளின் நேரத்தைக் காக்கும் சக்கரமும் அதே போல்ட்டின் இறுக்கத்தில் நிற்பதால், பிஸ்டனும் வால்வும் மோதும் பேரழிவும் நேரலாம்.

உதிரிப்பாகம் வாங்கும்போது வண்டியின் ஆண்டையும் எஞ்சின் எண்ணையும் கூறி, பழைய கப்பியைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு வாங்குக. பள்ளங்களின் எண்ணிக்கையும் விட்டமும் ஒத்திருக்க வேண்டும். மலிவான போலியில் ரப்பர் எத்தனை நாள் பற்றியிருக்கும் என்பதற்கு உறுதி இல்லை. அன்று ஏற்ற கப்பி கிடைக்காவிடில், வண்டியைப் பட்டறையில் விட்டுவிட்டு மலைக்குப் பேருந்தில் சென்று வருதலே நன்று. அரசுப் பேருந்துகள் திருப்பதிக்கும் திருமலைக்கும் இடையே ஓயாது ஓடுகின்றன. பயணம் தடைப்பட்டதென்று குடும்பத்தில் எவரும் வருந்த வேண்டியதில்லை.

முடிவாக ஒரு வேண்டுகோள்

வெளியூரில் உழைத்துச் சேர்த்த பொருளில் வாங்கிய வண்டி நம் குடும்பங்களுக்கு வெறும் ஊர்தி மட்டுமன்று. ஊரிலுள்ள பெற்றோரைக் காணவும், உடன்பிறந்தார் இல்லத்து நன்மை தீமைகளுக்குச் செல்லவும் அதுவே பாலம். அதில் ஏறுவோர் நம் வயது முதிர்ந்தோரும் குழந்தைகளுமே. விடுமுறைக்கு இரண்டு வாரம் முன்பே, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், எஞ்சின் மூடியைத் திறந்து அக்கப்பியின் மீது ஒரு வெள்ளைக் கோடு இழுத்துவைக்குமாறு அன்பர்களைக் கேட்டுக்கொள்கிறோம். கோடு கோணினால் கப்பியை மாற்றுக. நேராக நின்றால் நிம்மதியாகப் புறப்படுக. அனைவரும் நலமே சென்று நலமே மீள்வாராக.